இல்லாத கையின் பிடி

என் வீட்டுக்காரருக்கு இடது கை மணிக்கட்டோடு போய்விட்டது. போன கை வலிக்கும் என்று அதற்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். இருக்கிற கை வலித்தால் எண்ணெய் தடவி நீவலாம், தவிட்டு ஒத்தடம் கொடுக்கலாம். இல்லாத கையை எங்கே பிடித்து நீவுவது? கட்டுப் பிரித்து, தையல் ஆறி, எல்லாம் சரியாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவைத்த பிறகுதான் அந்த வலி வந்தது. சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முடிந்துபோன கையை என் பக்கம் நீட்டினார்.

“வெரலெல்லாம் உள்ள மடங்கிக் கெடக்குது புள்ள. நகம் உள்ளங்கையில குத்துது. சித்தெ பிரிச்சு வுடு.”

நான் என்ன செய்வேன். கை முடிந்த இடத்துக்கு அந்தப் பக்கம், வெறும் காற்றில், ஒவ்வொரு விரலாகப் பிரிப்பது போலப் பிரித்துக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். “அது இல்ல” என்றார்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிப்பதற்குள் உலை கொதித்து அடங்கிவிடுகிறது. ஆனாலும் இதை வேறொருவர் வாயால் சொல்லவிட எனக்கு மனமில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைப் பாதிப் பேர் வசியம் என்கிறார்கள், பாதிப் பேர் பைத்தியம் என்கிறார்கள். இரண்டும் இல்லை.

எங்களுக்கு அவிநாசிபாளையம் பக்கம் வெள்ளாமைக் காடு இருந்தது. கிணறு ஓய்ந்ததும் விற்றுவிட்டு முதலிபாளையம் வந்து சேர்ந்தோம். காடு விற்றவர்கள் என்று யாரும் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட நாங்கள் இடம் கொடுத்ததில்லை. நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனேன். தைத்து வருகிற உருப்படியில் ஓட்டை, கறை, தையல் விட்டது இருந்தால் பார்த்து ஒதுக்குகிற வேலை. அவர் காலண்டரிங் பட்டறையில் சேர்ந்தார்.

சாயம் போட்டுக் காய்ந்து வருகிற பனியன் துணி சுருண்டு சுருண்டு இருக்கும். அதை ஆவியில் காட்டி, சுடுகிற இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு எடுத்தால் இஸ்திரிப் பெட்டி போட்டது போலத் தட்டையாக வரும். அதுதான் காலண்டரிங். துணி உள்ளே போகிற வாயில் ஒருவர் நின்று, ஓரங்களை இரண்டு கையாலும் பிடித்து, மடிப்பு விழாமல் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மடிப்போடு உள்ளே போனால் அந்தக் கோடு துவைத்தாலும் போகாது. கையை விட்டால் துணி சரிந்து தரையில் விழும். தரையெல்லாம் மெஷின் எண்ணெய். வெள்ளைத் துணியாக இருந்தால் அதோடு அது கழிவு. அந்த வாயில் நின்றுதான் அவருக்கு முடி நரைத்தது. துணியைக் கீழே விட்டார் என்று ஒருநாளும் ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் பெருமை அவருக்கு உண்டு. எனக்கும் உண்டு.

அன்றைக்கு ஓடியது வெள்ளை லாட். ஒரு ஆர்டருக்கு வருகிற துணி மொத்தமும் சேர்ந்தது ஒரு லாட். ஒரு துணியையும் அடுத்த துணியையும் சேர்த்துத் தைத்த ஜாயிண்ட் கோணலாக வந்திருக்கிறது. இழுத்து நேர் பண்ணியிருக்கிறார். உருளை துணியை இழுத்தது, இவர் துணியை இழுத்தார். எதிர்ப்பக்கம் மேசையில் துணியை வாங்கி மடித்துக்கொண்டிருந்த ஒடிசாக்காரர் கத்திக்கொண்டு ஓடிப்போய் மெஷினை நிறுத்துவதற்குள் கை உள்ளே போய்விட்டது. விட்டிருந்தால் ஒரு துணிதான் போயிருக்கும்.

வலி தினமும் பொழுது சாயும்போது வந்தது. வந்தால் சோறு இறங்காது, யாரிடமும் நாலு வார்த்தை ஞாயம் பேச மாட்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி டாக்டர், நரம்பின் முனை முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கலாம், முழங்கை வரைக்கும் எடுத்துப் பார்க்கலாம், போனாலும் போகும் போகாமலும் இருக்கும் என்றார். கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் மகன் எடுத்துவிடலாம் என்றான். இவரும் சரி என்றுவிட்டார். மாரியம்மன் நோம்பி கழிந்ததும் வரச் சொன்னார்கள்.

எனக்கு மட்டும் அது ஒப்பவில்லை. டாக்டரிடம் நேராகவே கேட்டேன். “வெரலே இல்லாதப்பவும் வெரல் வலிக்குதுங்க. முழங்கைய எடுத்தா அந்த வெரல் எங்கீங்க போகும்?” அவர் கோபப்படவில்லை. தனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு என்று சொல்லி, வெட்டுவதற்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஒருதரம் காட்டிவிட்டு வரும்படி அவரே சீட்டு எழுதிக் கொடுத்தார். இவர் வழியெல்லாம் முறைத்துக்கொண்டே வந்தார். கை போனது போதாதென்று பைத்தியக்காரப் பட்டமும் வாங்கித் தரப்போகிறாயா என்று பஸ்ஸில் கேட்டார்.

அங்கே டாக்டராக இருந்தது ஒரு சின்னப் பெண். தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. இவருடைய கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கூச்சமில்லாமல் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“வலி பொய்யின்னு நான் சொல்ல வரல ஐயா. மூளை கடைசியா அந்தக் கைக்கு என்ன சொல்லிச்சோ, அதயே இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கு. கை போன சேதி அதுக்கு எட்டல. நாமதான் சொல்லணும்.”

கண்ணை மூடி, மூச்சை மெல்ல விட்டு, உடம்பைத் தளர்த்தி, பாதித் தூக்கம் போன்ற ஒரு நிலைக்குப் போக வேண்டுமாம். அந்த நேரத்தில் சொல்கிற சொல் அடிமனசுக்குள் இறங்குமாம். முதலில் இன்னொருவர் சொல்லலாம், பழகினால் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். அதற்குத் தன்வசியம் என்று பெயர் சொன்னாள். இவர் என் பக்கம் திரும்பி, “வசியமாமா. உனக்குத் தோதாத்தான் கூட்டிட்டு வந்திருக்கற” என்றார். அந்த வலிக்குப் பிறகு அவர் பேசிய முதல் வேடிக்கைப் பேச்சு அது.

அந்தப் பெண் எனக்கு இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்தாள். வலிக்காது என்று சொல்லக் கூடாது. வலி என்ற வார்த்தையே வாயில் வரக் கூடாது. அப்புறம், நடக்கும் என்று சொல்லக் கூடாது. நடக்கிறது, நடந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஆரம்பிக்கச் சொன்னாள். எங்கள் பக்கம் அந்தப் பழக்கம் இல்லை கண்ணு என்றேன். நீங்கள் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிடுங்கள் என்றாள். அதனால் எல்லாமே “ஏனுங்க” என்றுதான் ஆரம்பித்தது.

முதலில் ஒன்றும் சரிவரவில்லை. அவளே பேசிப் பதிந்து போனில் கொடுத்ததைப் போட்டுக் கேட்டோம். பஸ் ஸ்டாண்டில் அறிவிப்புச் செய்கிற மாதிரி இருக்கிறது என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். அதில் கடற்கரையை நினைக்கச் சொல்லியிருந்தாள். அடுத்த தடவை போனபோது அவளிடமே சொன்னார், கடல் என்றால் தன் அப்பனுடைய சாம்பலைக் கரைக்க ராமேஸ்வரம் போனதுதான் ஞாபகத்துக்கு வருகிறது என்று. அவள் முகம் சிறுத்துவிட்டது. பிறகு சொன்னாள், என் வார்த்தை உங்களுக்கு ஆகாது, உங்கள் வார்த்தையாக இருக்கட்டும். அந்தக் கை கடைசியாக என்ன செய்துகொண்டிருந்தது என்று வீட்டில் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள் என்று.

அமைதியான நேரம் வேண்டும் என்று வெடியால, விடிவதற்கு முன்னால் எழுந்து உட்கார்ந்தோம். அமைதி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நாய் குரைத்தால் திடுக்கென்றார், பால்காரர் மணிக்குத் திடுக்கென்றார். ஒருநாள் சாயங்காலம் புறக்கடையில் சுவர் ஓரமாகக் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் வேறொரு பட்டறை. அங்கே மெஷின் ஓடும் சத்தம் தரை வழியாகக் காலுக்கு வரும். அந்தச் சத்தத்தில் அவர் தோள் தானாக இறங்கியது, வாய் லேசாகத் திறந்தது. வேலையில் இருந்தபோது நின்றுகொண்டே தூங்குவார், ஆனால் துணி மட்டும் நேராகப் போகும் என்று கூட வேலை செய்தவர்கள் சிரிப்பார்கள். அந்தத் தூக்கம் இதுதான் என்று எனக்கு அப்போது புரிந்தது.

“ஏனுங்க, கை விரியுதுங்க. வெரல் ஒவ்வொண்ணா பிரியுதுங்க” என்று ஆரம்பித்தேன்.

முகம் இன்னும் இறுகியது. நெற்றியில் வேர்வை.

“வுடச் சொல்லாத புள்ள. வுட்டா கீழ வுழுந்துரும்.”

“எதுங்க வுழுகும்?”

“துணி. வெள்ளத் துணி.”

 இத்தனை நாளும் அவர் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார். கையே போயும் அந்த ஓரத்தை விடவில்லை. நான் எண்ணெய்க் கறை பட்ட பனியனைக் கூடை கூடையாக ஒதுக்கினவள். துணி தரையைத் தொடக் கூடாது என்பது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.  பிறகு, வேலை முடிகிற நேரத்தில் பட்டறையில் எப்படிச் சொல்வார்களோ அப்படிச் சொன்னேன்.

“ஏனுங்க, கடைசி ஜாயிண்ட்டும் போயிருச்சுங்க. துணி பூராவும் மேசை மேல மடிஞ்சு கெடக்குது. கீழ ஒரு முழம் இல்லீங்க. லாட் முடிஞ்சுதுங்க. கைய எடுத்துக்குங்க.”

அவர் இல்லாத கையை உருளையின் வாயிலிருந்து எடுப்பதை நான் பார்த்தேன். தோள் பின்னால் வந்தது, முழங்கை மடங்கியது, முடிந்த கை மடியில் வந்து இறங்கியது. மூச்சு நீளமாகப் போனது. கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். அன்று ராத்திரி இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு தினமும் பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, நான் லாட்டை முடித்து வைத்தேன். வெட்ட வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டோம். தூத்துக்குடிப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஒறம்பரை, சொந்தபந்தத்துக்குள் பேச்சுப் பரவியது. என் கொழுந்தனார் சம்சாரம் வாசலில் நின்றுகொண்டே, “இந்த வயசுல எதுக்குங்க அக்கா வசியம்? வயசுல பண்ணியிருந்தா காடாச்சும் மிஞ்சியிருக்கும்” என்றாள். இவர் உள்ளேயிருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஒரு சாயங்காலம் நான் “ஏனுங்க” என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணைத் திறந்தார்.

“இன்னைக்குக் கை வரலை புள்ள.”

வலி இல்லையா என்று கேட்டேன். வலியும் இல்லை, விரலும் இல்லை என்றார். முடிந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதை மேலே தூக்கினார், கீழே இறக்கினார், முந்தின நாள் வரை அங்கே இருந்த ஒன்றைத் தேடுகிறவரைப் போல. நான் அம்மனுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போனேன். திரும்பி வந்தால் அழுதுகொண்டிருக்கிறார். கை நசுங்கியபோது அழாதவர், தையல் போட்டபோது அழாதவர்.

“அன்னைக்கு வெட்டுனாங்களே, அதய என்ன பண்ணுனாங்க?”

எனக்குத் தெரியாது. மகன்தான் கையெழுத்துப் போட்டான். ஆஸ்பத்திரியில் எரித்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதைச் சொன்னேன். “ஒருத்தரும் ஒரு சொம்புத் தண்ணி ஊத்தல” என்றார். 

வலி இருந்த காலத்தில் சோறு இறங்கவில்லை என்றால், வலி போன காலத்தில் அவருக்குச் சோறே வேண்டியிருக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் தேவலையாமே, சந்தோசம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் தலையாட்டினார். பழைய பட்டறைப் பக்கம் நடந்துபோய் வாசலில் நின்றுவிட்டு வருகிற பழக்கம் ஒன்று இருந்தது, அதையும் விட்டுவிட்டார். சட்டைக் கையை இழுத்துவிட்டு மூடிக்கொண்டார். ஆள் கரைந்துகொண்டே வந்தார்.

பிறகு ஒரு மத்தியானம் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தேன். வீட்டில் ஆளைக் காணோம். புறக்கடையில், சுவர் ஓரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. மூச்சு மெதுவாக, முறையாகப் போய்க்கொண்டிருந்தது. உதடு அசைந்தது. அந்தப் பெண் சொன்னபடி தனக்குத்தானே சொல்லிக்கொள்ளப் பழகிவிட்டார், இனிமேல் நான் இல்லாவிட்டாலும் சமாளிப்பார் என்று எனக்கு ஒரு பூரிப்பு. பையை இறக்கி வைக்காமலே கிட்டே போய்க் காது கொடுத்தேன்.

“துணி வருது. இன்னும் வருது. நேராப் புடி. ஓரத்த வுடாத.”

முகமெல்லாம் வேர்வை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வலதுகை முடிந்த கையை இறுக்கிப் பிடித்திருந்தது. வலி உச்சத்தில் இருக்கும்போது அவர் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாதா. ஆனால் அந்த முகத்தில் இன்னொன்றும் இருந்தது. துவைத்த சட்டை போட்டு, சோத்துப் போசியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பும்போது இருக்குமே, அந்த முகம்.

தோளைப் பிடித்து உலுக்கினேன். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

“போன வலிய நீங்களே கூப்புட்டுக்கிட்டீங்களா?”

“வலியக் கூப்புடல புள்ள. கையக் கூப்புட்டன். அது வலியோடதான் வருது.”

 அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலின் அந்த ஓரத்தில் உட்கார்ந்தேன். சுவருக்கு அப்பால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வேறு வழி தெரியாமல், லாட் முடிஞ்சுதுங்க என்றேன். கையை எடுத்தார்.

தூத்துக்குடிப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன்.  அவருக்கு எது வேண்டும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், நம்மால் முடிவுசெய்ய முடியாது என்றாள். ஆனால் நாள் முழுக்க அந்தப் பிடியிலேயே இருந்தால் உடம்பு தாங்காது, ஆரம்பிக்கக் கற்றுக்கொண்டவருக்கு முடிக்கவும் கற்றுக்கொடுங்கள் என்றாள். சொல்லிக் கொடுத்தேன். பலவிதமாகச் சொல்லிக் கொடுத்தேன். அவருக்கு அது வரவில்லை. தானே சொன்னால் நம்பிக்கை வரவில்லையாம். மெஷின் வாயில் நிற்கிறவனுக்கு உருளைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மேசை தெரியாது, துணி முடிந்ததை எதிர்ப்பக்கம் இருக்கிறவர்தான் சொல்ல வேண்டும் என்றார். அது நிஜம்தான். பட்டறையில் அப்படித்தான்.

அதனால் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். மத்தியானச் சோறு உண்டதும் அவர் சுவர் ஓரம் போய்விடுவார். கையை வரவழைத்துக்கொள்வார். பொழுதோட நான் போய் முடித்து வைப்பேன். நடுவில் கொஞ்சநேரம் அவருக்கு இரண்டு கையும் இருக்கும். ஒருநாள் அந்தக் கையின் சுண்டுவிரலில் பழைய வெட்டுத் தழும்பு அரிக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். உடம்பு கொஞ்சம் தேறியது.

போன மழைக்காலத்தில் எனக்குப் பிரஷர் ஏறி, கடைவீதியில் தலைசுற்றி விழுந்துவிட்டேன். யாரோ ஆட்டோவில் ஏற்றி ஒரு கிளினிக்கில் சேர்த்திருக்கிறார்கள். கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து வீட்டுக்கு வந்தேன். பட்டறையில் மெஷினை நிறுத்திவிட்டிருந்தார்கள். அந்த இருட்டில், சத்தமே இல்லாத சுவர் ஓரத்தில், மத்தியானம் உட்கார்ந்த ஆள் அப்படியே இருந்தார். கீழ் உதட்டைக் கடித்து ரத்தம் தாடையில் காய்ந்திருந்தது. வேட்டி நனைந்திருந்தது.  லாட் முடிஞ்சுதுங்க, லாட் முடிஞ்சுதுங்க என்று சொல்லிக்கொண்டே காலடியில் உட்கார்ந்துவிட்டேன்.

“ரொம்பப் பெரிய லாட்டு” என்றார், குரலே இல்லாமல்.

மறுநாள் கேட்டேன், இனிமேல் அந்தக் கை வேண்டாம் என்று விட்டுவிடுங்களேன் என்று.  மத்தியானச் சோறு உண்டார். கட்டிலைச் சுவர் ஓரம் இழுத்துப் போட்டார்.

கல்யாணமான நாள் முதல் மாரியம்மன் கோவிலில் நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். அவருக்கு முன்னால், பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர வேண்டும். என் அம்மா அப்படிப் போனாள், என் மாமியார் அப்படிப் போனாள். நானும் அப்படித்தான் போவேன் என்று இருந்தேன். எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய பெருமை ஒரு பொம்பளைக்குக் கிடையாது. கிளினிக்கிலிருந்து வந்த பிறகு அதைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். கோவிலுக்குப் போகிறேன், திருநீறு வாங்கிக்கொள்கிறேன், ஒன்றும் கேட்பதில்லை.

அதற்குப் பதில் வெடியால, அவர் எழுவதற்கு முன்னால், அடுக்களையில் பலகையைப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடுகிறேன். பட்டறையில் முதல் மெஷின் ஓடத் தொடங்கும். மூச்சை மெல்ல விடுகிறேன். சாவு என்ற வார்த்தை வரக் கூடாது, மாட்டேன் என்ற வார்த்தை வரக் கூடாது, நடக்கும் என்று சொல்லக் கூடாது. அந்தப் பெண் சொல்லிக் கொடுத்த மாதிரியே சொல்கிறேன்.

“பொழுதோட நான் ஊட்டுல இருக்கறன். அவருக்கு எதுத்தாப்புல நிக்கறன். துணி மேசை மேல இருக்குது.”

அப்புறம் எழுந்து, பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அடுப்பைப் பற்ற வைக்கிறேன்.